கித்தா (ரப்பர்) மர வில்லு, வயித்துப் பக்கம் குறுக்கு விரிசல் - ஒட்டுப்போட்டுக் காப்பாத்த முடியுமா?

தோட்டத்துப் பையன் (சுங்கை சிப்புட்)

வணக்கம். நான் சுங்கை சிப்புட்ல ஒரு தாமான்ல (வீடமைப்புப் பகுதியில) இருக்கேன், வேலை ஈப்போவுல. ரெண்டு வருஷமா வீட்டுல கார் நிறுத்துற எடத்துல வில்லு செஞ்சு பழகுறேன். இது நாலாவது. மொத மூணும் ஒத்தக் கட்டையில செதுக்குனது, இதுதான் மொத தடவையா பட்டை பட்டையா ஒட்டிச் செஞ்சது. முதுகுக்கு, அதாவது குறிபாத்து இருக்குற பக்கத்துக்கு, பூலோ பெத்தோங் மூங்கில் மூணரை மில்லி. நடுவுல மெர்பாவ் மரம் மூணு மில்லி. வயித்துக்கு, நம்மளப் பாத்து இருக்குற பக்கத்துக்கு, கித்தாப் பலகை, கைப்பிடிகிட்ட எட்டு மில்லி கனம், நுனிக்குப் போகப்போக மெலிசு. மொத்த நீளம் 60 அங்குலம், அதுல கைப்பிடி 8 அங்குலம் வளையாது. அகலம் 35 மில்லி. 28 அங்குலம் இழுத்தா 42 பவுண்டு காட்டுச்சு.

அந்தக் கித்தாப் பலகையப் பத்திச் சொல்லிடுறேன், இல்லன்னா எல்லாரும் வேற மரம் மாத்துன்னுதான் சொல்லுவீங்க. எங்கப்பா பால் வெட்டுன தோட்டத்துல கடைசி கித்தா பிளாக்க செம்பனை போடுறதுக்காக சாய்ச்சாங்க, அப்ப அப்பா உயிரோட இருந்தாரு, அவரு நெரையில (மர வரிசையில) இருந்த ஒரு மரத்த மண்டோர்கிட்ட (கங்காணிகிட்ட) கேட்டு வாங்கி, உளி பட்டுத் தழும்பு ஏறுன அடிப்பாகத்த விட்டுட்டு மேல்தண்ட மட்டும் ரம்ப மில்லுல குடுத்து அறுத்து வெச்சோம். அப்பா போயி மூணு வருஷம் ஆகுது. மீதி இருக்குறது ரெண்டு பலகையும் கொஞ்சம் துண்டும்தான்.

இப்ப பிரச்சனைக்கு வரேன். ஒரு நானூறு அம்பு வரைக்கும் நல்லா போச்சு. போன வாரம் எண்ணெய் பூசலாம்னு துடைக்குறப்ப வில்லோட கீழ் கையில, அதாவது கைப்பிடிக்குக் கீழ வளையுற பாதியில, கைப்பிடி முடிஞ்சு ஒரு 5 அங்குலத்துல, வயித்துல குறுக்கால நாலு மெல்லிசான கோடு. மொதல்ல சுரண்டுனப்ப விழுந்த கீறல்னு நெனச்சேன், நகத்தால தடவுனா தட்டுப்படுது, டார்ச் லைட்ட படுக்க வெச்சுப் பாத்தா கோட்டுப் பக்கத்துல மரம் லேசா உப்பித் தெரியுது. ரெண்டு அங்குல நீளத்துக்குள்ள நாலும் இருக்கு. மூங்கில் பக்கம் ஒண்ணுமே இல்ல, ஒட்டுன எடமும் விடல. ஒட்டுனது டைட்பாண்ட் 3 பசை.

இத ஒட்டிச் சரி பண்ணலாமா, இல்ல வயித்துப் பட்டையவே சீவி எடுத்துட்டுப் புதுசு போடணுமா? முடிஞ்சா அந்த மரத்த வெச்சிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கமுண்டிங் மச்சான்

தம்பி, எனக்கும் ஒருமுறை வில்லோட கை பிளந்துச்சு. தண்ணி மாதிரி இருக்குற சூப்பர் குளூவ ஊத்தி, தூண்டில் கம்புக்குச் சுத்துற நூலை ஒரு மூணு அங்குலத்துக்கு நெருக்கமா சுத்தி, மேல எபோக்ஸி தடவுனேன். மூணு வருஷமா அடிச்சிட்டு இருக்கேன், ஒண்ணும் ஆகல. நீங்களும் அப்படியே பண்ணிப் பாருங்க, வில்லைக் கழட்டிப் போட வேணாம்.

---

தச்சன் மகன் (தைப்பிங்)

கமுண்டிங் அண்ணே, ஒங்களுக்குப் பிளந்தது எந்தப் பக்கம்? மூணு வருஷம் தாங்குச்சுன்னா அது முதுகுப் பக்கம் சிம்பு கெளம்புனதாதான் இருக்கும். அங்க நார் இழுபடுது, மேல எந்திரிக்கப் பாக்குது, நூலு சுத்துனா அமுக்கிப் புடிக்கும், பசையும் வேலை செய்யும். தம்பிக்கு வந்திருக்குறது வயித்துல, அது வேற சங்கதி.

தம்பி, இதுக்கு வில்லு செய்றவங்க சொல்ற பேரு கிரிசல், சில பேரு ஃப்ரெட்னும் சொல்லுவாங்க. வில்ல வளைக்குறப்ப முதுகு இழுபடுது, வயிறு நசுங்குது, நடுவுல ஒரு தளம் ரெண்டும் இல்லாம கெடக்கு. மரத்த நார் வாக்குல இழுத்தா தாங்குற அளவுக்கு நசுக்குனா தாங்காது, பெரும்பாலான மரத்துக்கு அது பாதிக்குப் பக்கத்துலதான். அதனால அளவுக்கு மிஞ்சி வளையுற எடத்துல வயித்து நார் மடிஞ்சிடுது. ஈரத் துணியப் புழிஞ்சா குறுக்கால மடிப்பு விழுதுல்ல, அந்த மாதிரி. நீங்க பாத்த உப்பல் அதுதான். காய்ஞ்சு வெடிச்ச விரிசல்னா நார் வாக்குல நீளமா ஓடும், குறுக்க வராது.

மடிஞ்ச நாருக்குள்ள சூப்பர் குளூ எறங்கும், கெட்டியாவும் ஆகும், ஆனா மடிஞ்சது மடிஞ்சதுதான், பழையபடி நேரா நிக்காது. மயிரிழை மாதிரி ஒண்ணு ரெண்டு இருந்து அது வளராமலே இருந்தா மெல்லிசு குளூ விட்டுட்டு வருஷக்கணக்கா அடிக்குற ஆளுங்களும் உண்டு, அத நான் இல்லன்னு சொல்லல. ஒங்களுக்கு ரெண்டு அங்குலத்துல நாலு, நகத்துல தட்டுற அளவுக்கு. நூலு சுத்துறதுல எனக்கு இன்னொரு பயம் என்னன்னா, அடியில கோடு வளருதான்னு பாக்க முடியாமப் போயிடும். முதுகு உடைஞ்சா சத்தம் போட்டு உடையும், வயிறு கொஞ்சம் கொஞ்சமா மடங்கிட்டே வந்து ஒருநாள் அந்த எடத்துல கை பொசுக்குன்னு மடிஞ்சிடும். சரி பண்ணுற வரைக்கும் நாண் ஏத்தாதீங்க, யாரு கேட்டாலும் இழுத்துப் பாக்கக் குடுக்காதீங்க.

இப்ப முக்கியமான கேள்வி. அந்த எடத்துல ஏன் வந்துச்சு? அத கண்டுபுடிக்காம ஒட்டுப் போட்டா ஒட்டுலயும் அதே கோடு வரும். எனக்குத் தோணுறது மூணு.

ஒண்ணு நீளம். கைப்பிடி வளையாத வில்லுக்கு நாங்க பாக்குற கணக்கு, இழுக்குற அளவ ரெண்டால பெருக்கி அதோட கைப்பிடிய சேக்குறது. 28-க்கு 56, கைப்பிடி 8, ஆக 64 வேணும், நான்னா 66 வெப்பேன். ஒங்க வில்லு 60. அதுக்கு 26 அங்குலம்தான் நியாயம். மீதி ரெண்டு அங்குலத்தையும் பாவம் அந்தக் கித்தா சுமந்திருக்கு.

ரெண்டாவது மூங்கில். பெத்தோங் தோலு இழுவைக்குப் பயங்கர கெட்டி. முதுகு கெட்டியா இருந்தா முதுகு நீளாது, அப்ப வளைவு முழுக்க வயித்து மேல வந்து விழும். கித்தா மாதிரி நடுத்தர மரத்த அது அடிச்சுப் போட்டுடும். இதுக்கு ஒரு வழி இருக்கு, முதுகுப் பக்கத்த மட்டும் குறுக்குறது. மூங்கிலோட தோலைத் தொடவே கூடாது, ரெண்டு ஓரத்தையும் சாய்வா இழைச்சு, வெட்டிப் பாத்தா வயிறு அகலமாவும் முதுகு ஒடுக்கமாவும் வர்ற மாதிரி. ஒங்க 35 மில்லிக்கு முதுகு 26, 27 ஆக்குங்க, வயித்து அகலத்த விட்டுடுங்க.

மூணாவது, அதுதான் எனக்கு முக்கியமா படுது, டில்லர், அதாவது ரெண்டு கையும் சீரா வளையுற மாதிரி சுரண்டிச் சரி பண்றது. கைப்பிடி முடிஞ்சு 5 அங்குலத்துல கூடுதலா வளையுதுன்னா அதத் தாண்டி இருக்குற பகுதி சோம்பேறியா நிக்குதுன்னு அர்த்தம். வளையாம நிக்குற எடத்தோட வேலையையும் வளையுற எடமே செஞ்சிருக்கு. குசினில டைல்ஸ் ஒட்டுன சுவரு இருந்தா அது முன்னாடி வில்லுக்கு நாண் மட்டும் கட்டி, இழுக்காம, ஹேண்ட்போன்ல படம் எடுங்க. டைல் கோட்ட வெச்சு ரெண்டு கையையும் ஒப்பிட்டா தெரிஞ்சிடும். இன்னும் நிச்சயமா தெரியணும்னா 6 அங்குலத்துல ஒரு நேர்க்கட்டை, நடுவுல ஓட்டை போட்டுப் பென்சில சொருகி, நாண் ஏத்துன வில்லோட வயித்துல தள்ளிக்கிட்டே போங்க. நல்லா வளைஞ்ச எடத்துல பென்சில் தொடாத அளவுக்கு வெச்சீங்கன்னா, விறைச்ச எடத்துல அதுவே கோடு போட்டுக் காட்டும். இந்தச் சோதனைக்கு மட்டும் ஒருமுறை நாண் ஏத்திக்கலாம், இழுக்காதீங்க, கண்ணாடி போட்டுக்குங்க.

சுரண்டுறப்ப ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, பத்துல ஒரு பங்கு கனம் கொறைஞ்சா விறைப்பு கால்வாசிக்கு மேல போயிடும், கனத்த மூணு தடவை பெருக்குற கணக்கு அது. அதனால விறைச்ச எடத்துல இழைப்புளி வேணாம், ஸ்கிரேப்பர் நாலு இழுப்பு, திரும்பப் பாரு, அப்படித்தான். கோடு விழுந்த எடத்துல மட்டும் ஒரு துரும்பு கூட எடுக்காதீங்க, ஒட்டு போடக் குடையுறது தவிர.

ஒட்டு போடுறது எப்படின்னு நாளைக்கு எழுதுறேன், கடை தொறக்க நேரமாச்சு. மரம் மாத்தச் சொல்ல மாட்டேன் தம்பி. நம்ம பழைய தமிழ்ல வில்லுக்கே சிலைன்னு ஒரு பேரு, அது ஒரு மரத்தோட பேரும்தான்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு. மரமும் வில்லும் வேற வேறன்னு அந்தக் காலத்து ஆளுங்க நெனைக்கல.

---

மூவார் அக்கா

தம்பி நான் ஃபர்னிச்சர் கம்பெனில பதினாலு வருஷம், கித்தாப் பலகை பாக்குறதுதான் என் வேலையே. தைப்பிங்காரர் சொன்னது எல்லாம் சரி, ஆனா நீங்க ஒண்ணு சொல்லவே இல்ல, அந்தப் பலகைய எப்படிக் காய வெச்சீங்க?

கித்தா வெட்டுன ஒடனே போரிக் மருந்துல ஊற வெச்சு அடுப்புல ஏத்தலன்னா ரெண்டு வாரத்துல நீலம் பூத்துடும், அப்புறம் பூச்சி விழுந்து மாவு கொட்டும். கம்பெனில 8-லேருந்து 12 சதவீதம் ஈரத்துக்குக் கொண்டாந்துதான் வெளிய விடுவோம். வீட்டு அஞ்சடியில (முன்வாசல் நடையில), கூரைக்கு அடியில வருஷக்கணக்கா கெடந்தாலும் நம்ம ஊரு காத்துல அது 15, 16 சதவீதத்துக்குக் கீழ எறங்காது. காத்துல ஈரம் 80 இருக்குறப்ப மரம் அங்கதான் போயி நிக்கும், பத்து வருஷம் வெச்சாலும் அதே கதை. ஈரம் ஏற ஏற மரம் நசுங்குறதத் தாங்குற சக்தி போயிடும், இழுக்குறதத் தாங்குறது அவ்வளவா கொறையாது. ஒங்களுக்கு முதுகு நல்லா இருந்து வயிறு மட்டும் போனதுக்கு இதுவும் ஒரு காரணம்னு என் மனசு சொல்லுது.

ஏர்கோன் போட்ட ரூம்ல வெச்சா 10, 11-க்கு வந்துடும். இல்லன்னா பலகைப் பெட்டி ஒண்ணு அடிச்சு உள்ள பழைய மாதிரி சூடாகுற பல்பு ஒண்ணு மாட்டி, மேலயும் கீழயும் காத்துக்கு ஓட்டை விட்டு, 35, 40 டிகிரி தாண்டாம பாத்துக்குங்க. அதே மரத்துத் துண்டு ஒண்ண கூடவே உள்ள போட்டு சமையல் தராசுல தினம் நிறுத்து எழுதுங்க. எடை எறங்குறது நின்னாதான் காய்ஞ்சதுன்னு அர்த்தம். வயித்த நெருப்புல காட்டி இறுக்குறதுன்னு ஒரு வழி கேள்விப்பட்டிருப்பீங்க, ஒத்தக் கட்டை வில்லுக்கு அது நல்லதுதான், ஒங்களுது ஒட்டுன வில்லு, சூட்டுல பசை இளகிடும், அந்தப் பக்கமே போகாதீங்க. அதே மாதிரி பகல்ல கார்ல வெச்சிட்டுப் போகாதீங்க, கண்ணாடி ஏத்துன கார் வெயில்ல 60 டிகிரிக்குப் போகும், சாதா எபோக்ஸியும் அங்க மெத்துன்னு ஆயிடும்.

அப்பா மரம்னு எழுதுனத படிச்சிட்டுதான் இவ்வளவு எழுதுறேன். எங்கம்மாவும் நெரை வெட்டுனவங்கதான், ஜோகூர்ல.

---

தோட்டத்துப் பையன்

அக்கா, நீங்க சொன்னது அப்படியே பொருந்துது. அஞ்சடிக் கூரைக்கு அடியிலதான் கெடந்துச்சு, மருந்து ரம்ப மில்லுலயே போட்டுக் குடுத்தாங்க, அடுப்புல ஏத்தல. காய்ஞ்சிடுச்சுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். பல்பு பெட்டி இந்த வாரமே அடிக்குறேன். அண்ணே, ஒட்டு போடுற முறைக்குக் காத்திருக்கேன்.

---

தச்சன் மகன் (தைப்பிங்)

அக்காவுக்கு ரொம்ப நன்றி, ஈரத்த நான் யோசிக்கவே இல்ல. அப்ப வில்லையும் ஒட்டு போடப்போற துண்டையும் ஒண்ணா பெட்டியில வெச்சுக் காயவிட்டுட்டு ஆரம்பிங்க. ரெண்டுக்கும் ஈரம் ஒரே மாதிரி இருக்கணும்.

ஒட்டுங்குறது பழுதான மரத்த ஓடம் மாதிரி ஆழமில்லாம நீளமா குடைஞ்சு எடுத்துட்டு அதே மரத்த அதே நார் வாக்குல பொருத்துறது. மொதல்ல ஆழம் பாருங்க. ஸ்கிரேப்பர்ல தாள் மாதிரி சீவுங்க, சீவி சீவி துடைச்சு, பென்சில் தூளத் தேச்சுப் பாருங்க, கோட்டுல கறுப்பு நிக்கும். கோடு மறையுற வரைக்கும்தான் எடுக்கணும். எட்டு மில்லில ரெண்டு, ரெண்டரைக்குள்ள மறைஞ்சுட்டா ஒட்டு போதும். மூணு தாண்டியும் தெரிஞ்சா அப்ப வயித்துப் பட்டைய முழுசா மாத்துறதுதான் வழி, ஒங்ககிட்ட பலகை இருக்கு, அதே மரம்தான், மனசு தளர வேணாம்.

குழியோட நீளத்துல கஞ்சத்தனம் வேணாம். ரெண்டு மில்லி ஆழத்துக்கு 7 அங்குலம் எடுங்க, ரெண்டு முனையும் ஒண்ணுமில்லாம கரையணும். திடீர்னு முடிஞ்சா அந்த முனையில புதுக் கோடு கெளம்பும். இதுக்கு நான் பண்றது, ஒரு கட்டைய அந்த வளைவுக்கு மேடா செதுக்கி, அதுல சாண்ட் பேப்பர ஒட்டி, குழிய அதாலயே தேச்சு முடிக்குறது. ஒட்டுத் துண்டோட அடிப்பக்கத்தையும் அதே கட்டைய வெச்சு அளவெடுத்துச் செதுக்கிடலாம். பொருத்திப் பாக்குறப்ப சுண்ணாம்பு தடவி அமுக்குங்க, ஒட்டாத எடத்த எடுத்து எடுத்து, வெளிச்சத்துல வெச்சா இடைவெளியே தெரியக்கூடாது. இந்த வேலைக்கு எனக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமை போயிடும்.

பசைக்கு மெதுவா காயுற எபோக்ஸி, 24 மணி நேரம் எடுக்குற வகை. அஞ்சு நிமிஷத்துல காயுறத வாங்காதீங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் புதுசா ஒரு தடவை தேச்சுத் தூசிய எடுத்துடுங்க, கை படக்கூடாது. கிளாம்ப் போட்டு நசுக்குனா எபோக்ஸி எல்லாம் வெளிய பிதுங்கி உள்ள காஞ்சு கெடக்கும், அதுக்குப் பதிலா மோட்டார் சைக்கிள் டியூப நாடா மாதிரி நீளமா வெட்டி இழுத்து இழுத்துச் சுத்துங்க, அந்த அழுத்தம் கச்சிதமா இருக்கும். மூணு நாள் தொடாதீங்க. அப்புறம் வயித்தோட மட்டத்துக்கு எறக்குங்க, ஆனா ஒட்டு மேல ஒரு மயிரளவு மேடா விட்டுடுங்க.

பிறகுதான் டில்லர். விறைச்ச எடத்துல சுரண்டி, 20 அங்குலத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு அளவுக்கும் முப்பது தடவை இழுத்து விட்டு, படம் எடுத்துப் பாத்து, ஒவ்வொரு அங்குலமா ஏத்துங்க. 26-ல நிறுத்திடுங்க. பவுண்டு 42 இருக்காது, 35, 36 வரும். குறி பாத்து அடிக்க அது தாராளம்.

---

கமுண்டிங் மச்சான்

தச்சன் மகன் கேட்டதுக்கு: ஆமா, எனக்கு முதுகுப் பக்கம்தான் சிம்பு வந்துச்சு. வயித்துக்கும் அதே வைத்தியம்னு நெனச்சுட்டேன். தம்பி நான் சொன்னத விட்டுட்டு அவரு சொல்றபடி பண்ணுங்க.

---

தோட்டத்துப் பையன்

ஆறு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், நடுவுல தீபாவளி வேலை.

பெட்டியில வெச்ச துண்டு 212 கிராம்லேருந்து 199-ல வந்து நின்னுச்சு, பதினேழு நாள் ஆச்சு. டைல்ஸ் சுவருல படம் எடுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு, பென்சில் கட்டையும் அதேதான் காட்டுச்சு. கீழ் கையில கைப்பிடிலேருந்து 9-வது அங்குலம் தொடங்கி 16 வரைக்கும் பலகை மாதிரி நிக்குது. மேல் கை பரவால்ல. கோடு ஒண்ணரை மில்லிலயே மூணு மறைஞ்சிடுச்சு, ஒண்ணு மட்டும் ரெண்டு மில்லி வரைக்கும் போச்சு. ஒட்டு ஏழரை அங்குலம், அப்பா மரத்துத் துண்டுலயே. நாரு வாக்கு அவ்வளவு பொருந்தி வந்துச்சு, எண்ணெய் பூசுன பிறகு எங்கம்மா கையில குடுத்து எங்க ஒட்டிருக்குன்னு கண்டுபுடிங்கன்னு சொன்னேன், அவங்க தடவித் தடவிப் பாத்துட்டு அப்படியே மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க.

மூங்கில் ஓரத்தையும் 27 மில்லிக்கு சாய்ச்சு இழைச்சேன். 26 அங்குலத்துல 36 பவுண்டு காட்டுது. நேத்தோட இருநூறு அம்பு ஆச்சு. ஒவ்வொரு முப்பதுக்கும் டார்ச் அடிச்சுப் பாக்குறேன், புதுக் கோடு ஒண்ணும் இல்ல. இப்பல்லாம் அடிச்சு முடிச்சதும் நாணக் கழட்டி ஏர்கோன் ரூம்லதான் தொங்கவிடுறேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஒட்டோட கைப்பிடிப் பக்க முனை, கரைஞ்சு மெல்லிசா போற எடத்துல, நகக்கண் அளவுக்கு லேசா தூக்கியிருக்கு. குறுக்குக் கோடு இல்ல, ஓரம் மட்டும். பயப்படணுமா?

---

தச்சன் மகன் (தைப்பிங்)

அது நசுங்குனது இல்ல தம்பி, அந்த முனையில பசை பத்தல, அவ்வளவுதான். இங்க சூப்பர் குளூ சரியான மருந்து. தண்ணி மாதிரி இருக்குற வகைய ஊசி முனையில எடுத்து ஒரு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் தாள் வெச்சு விரலால ஒரு நிமிஷம் அமுக்குங்க, மறுநாள் மெல்லிசு சாண்ட் பேப்பர்ல தேச்சுடுங்க. அங்கயிருந்து அரை அங்குலம் தள்ளிப் பென்சில்ல ஒரு புள்ளி வெச்சுக்குங்க, அடுத்த நூறு அம்புல தூக்கல் அந்தப் புள்ளிய நோக்கி நகருதான்னு பாத்து எழுதுங்க.

---

மூவார் அக்கா

அம்மாவக் கேட்டதா சொல்லுங்க தம்பி. மீதி இருக்குற ரெண்டு பலகையையும் அஞ்சடியில விட்டு வெக்காதீங்க, ஏர்கோன் ரூமுக்கு ஏத்துங்க, பூச்சி மாவு கொட்டுதான்னு மாசம் ஒருமுறை கீழ வெள்ளைத்தாள் விரிச்சுப் பாருங்க.